விண்டோஸ் படுத்தால் வன்தட்டை அழிக்கத்தான் வேண்டுமா?

கடையிலுள்ள கணனி ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால் நம்மவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். பெட்டியைக் கழற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றித் திருத்தும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். அங்கிருக்கும் தம்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிட்டு நானா, போமட் பண்ணித்தான் எடுக்கணும்" என்பார். நாமும் "சரி தம்பி, பின்னேரத்துக்குள்ள முடிச்சித் தாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். பின்னேரம் கணனி கைக்கு வரும். புதிதாக வாங்கியது போல வேகமாகவும் இருக்கும். ஆனால் யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று நான்கு வருடமாக ஏற்றி வைத்த கடன் கணக்கு மட்டும் அதில் இருக்காது.

பெட்டி போனால் இன்னொரு பெட்டி வாங்கலாம். நிலுவைக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? மொத்த வியாபாரத்தில் பாதி கடனிலும் பின்திகதியிட்ட காசோலையிலும்தான் ஓடுகிறது. கொடுக்க வேண்டியவர் நல்லவராக இருந்தாலும் தொகையை நாம் சொன்னால்தானே அவர் தருவார்? உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால், "கணனி பழுதாகிவிட்டது" என்ற பதிலை அங்கே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கணனி திருத்துவது எப்படி என்பதை முழுமையாகக் கற்காவிட்டாலும், திருத்துவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள். வன்தட்டு என்பது பொருள். விண்டோஸ் என்பது அதில் பதிந்துள்ள இயங்குதளம். நமது கணக்குகளும் படங்களும் கடிதங்களும் அதே தட்டில் வேறு இடத்தில் இருக்கும் கோப்புகள். விண்டோஸ் ஏறவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. கடைப் பூட்டில் சாவி உடைந்துவிட்டால் பூட்டைத்தான் மாற்றுவோம். உள்ளே இருக்கும் சரக்கை வீதியில் கொட்ட மாட்டோம். போமட் என்பது சரக்கைக் கொட்டும் வேலை. அதற்குத் தேவை ஏற்படும் சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் அது முதல் வேலையல்ல, கடைசி வேலை.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் இரத்தாகின, வங்கிகளும் வைத்தியசாலைகளும் திண்டாடின. அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம் என்ன தெரியுமா? மீட்புத் திரைக்குப் போய் ஒரேயொரு கோப்பை அழித்துவிட்டுக் கணனியை மீண்டும் இயக்குவதுதான். மைக்ரோசொப்ட் நிறுவனமும் பென் டிரைவில் போட்டு இயக்கக்கூடிய ஒரு திருத்தும் கருவியை வெளியிட்டது. நம் ஊரில் இது நடந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எத்தனை வன்தட்டுகள் வீணாக அழிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமது நாட்டில் விண்டோஸ் கெடுவதற்குப் பெரிய காரணம் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். விண்டோஸ் தன்னை இற்றைப்படுத்திக்கொண்டிருக்கும் வேளையில், அதாவது திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதப்பட்ட கோப்புகளோடு அது நின்றுவிடும். அடுத்த நாள் ஏறாது. குரங்கை நாம் தடுக்க முடியாது. யூ.பி.எஸ். பெட்டியின் செத்துப்போன பற்றரியை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. பல கடைகளில் அந்தப் பெட்டி வெறும் அலங்காரத்துக்குத்தான் நிற்கிறது.

இனி வேலைக்கு வருவோம். கணனி ஏறவில்லை என்றதும் இறுவட்டைத் தேடுவதற்கு முன் இரண்டு மூன்று சின்ன விடயங்களைப் பாருங்கள். பின்பக்கத்தில் பென் டிரைவ் ஏதும் செருகி மறந்திருக்கிறதா? அதிலிருந்து ஏற முயன்று கணனி குழம்பி நிற்கலாம். கணனியின் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? அப்படியானால் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவப் பற்றரி தீர்ந்திருக்கிறது. சீஆர் 2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள். அந்தப் பற்றரி தீர்ந்தால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, எந்தத் தட்டிலிருந்து ஏற வேண்டும், எந்த முறையில் அதை வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் மாறிவிடும். விண்டோஸுக்கு ஒரு பழுதும் இல்லாமலே நீலத் திரை வரும். இதற்குப் போமட் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, காதை வன்தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். "டிக், டிக்" என்று ஒழுங்காகச் சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே கணனியை அணைத்துவிடுங்கள். அது இயங்குதளத்தின் நோயல்ல, தட்டின் நோய். அந்த நிலையில் திருத்தும் கட்டளைகளைக் கொடுத்தால், குறிப்பாகத் தட்டு முழுவதையும் வாசித்துப் பார்க்கும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் உயிரையும் அது எடுத்துவிடும். அப்படியான தட்டைத் தரவு மீட்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சத்தம் இல்லையென்றால் இறுவட்டை எடுக்கலாம். இன்றைய கணனிகளில் இறுவட்டுச் செருகி இல்லாததால் இதே வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. 8 ஜிபி அளவுள்ள வெறும் பென் டிரைவ் ஒன்றும் நன்றாக வேலை செய்யும் இன்னொரு கணனியும் இருந்தால், மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு நிறுவும் தட்டைத் தயாரிக்கலாம். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கணனி நல்ல நிலையில் இருக்கும்போதே இதைச் செய்து மேசை லாச்சியில் போட்டு வைப்பவர்தான் புத்திசாலி.

தட்டு நம் கணனிக்குப் பொருந்த வேண்டும். 64 பிட் விண்டோஸுக்கு 32 பிட் தட்டைப் போட்டால், இந்தத் திருத்தும் கருவி உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று அது கையை விரித்துவிடும். விண்டோஸ் 7இல் இந்தத் தகராறு அதிகம். நண்பர் தந்த ஏதோ ஓர் இறுவட்டைப் போட்டுவிட்டு, "திருத்தவே முடியாதாம்" என்று முடிவுகட்டுவது இதனால்தான்.

தட்டைப் போட்டுக் கணனியை இயக்கும்போது அதிலிருந்து ஏறும்படி நாம்தான் சொல்ல வேண்டும். டெல், லெனோவா கணனிகளில் பெரும்பாலும் எப் 12 விசையையும், எச்.பி. கணனிகளில் எப் 9 விசையையும் தட்டினால் எதிலிருந்து ஏறுவது என்று கேட்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அது சில வினாடிகள்தான் நிற்கும். தவறவிட்டால் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்விடும். அதைத் தாண்டி மொழி கேட்கும் திரைக்கு அடுத்ததாக, நடுவில் "இன்ஸ்டோல் நவ்" என்ற பெரிய பொத்தான் வரும். எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். அதைத் தொடாதீர்கள். இடது பக்கம் கீழே சின்ன எழுத்தில் "ரிப்பெயார் யுவர் கம்பியூட்டர்" என்று இருக்கும். விண்டோஸ் 7இலிருந்து இந்த ஒழுங்கு இப்படித்தான். அண்மைய விண்டோஸ் 11 தட்டுகளில் திரையின் தோற்றம் கொஞ்சம் மாறியிருந்தாலும், திருத்துவதா நிறுவுவதா என்ற தெரிவு அங்கேயும் இருக்கிறது. நம் சரக்கு தப்புவதும் கொட்டுப்படுவதும் இந்த ஒரு தெரிவில்தான்.

உள்ளே போனதும் திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் கணக்கை வெளியே எடுங்கள். விண்டோஸ் ஏறாத கணனியிலிருந்து எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். அதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ட்ரபிள்ஷூட் பகுதிக்குள் சென்று கட்டளைத் திரையைத் திறந்து, நோட்பேட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சுச் செய்து என்டர் கொடுங்கள். சாதாரணமாக எழுதப் பயன்படும் அந்தச் சின்ன மென்பொருள் திறக்கும். அதில் பைல், ஓப்பன் என்று போனால் கோப்புகளைத் தேடும் பெட்டி வரும். கீழே எல்லாக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றிவிட்டால், வன்தட்டில் இருப்பதெல்லாம் கண்முன்னே தெரியும். வேண்டிய கோப்புறையை வலது சொடுக்கில் பிரதி எடுத்து, செருகியிருக்கும் இன்னொரு பென் டிரைவில் ஒட்டலாம். எவ்வளவு முடிந்தது என்று அது காட்டாது. திரை உறைந்தது போல இருக்கும். பொறுமையாக இருங்கள், வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

எந்தக் கோப்புறை என்பதுதான் முக்கியமான கேள்வி. டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் எடுத்துவிட்டு எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைப்பார்கள். கணக்கு மென்பொருள்கள் பல அங்கே வைப்பதில்லை. டெலி ஈஆர்பி 9 தனது தரவை வழமையாக சி டிரைவில் தன் பெயரிலுள்ள கோப்புறைக்குள் வைத்திருக்கும். குவிக்புக்ஸ் எல்லாப் பயனாளர்களுக்கும் பொதுவான கோப்புறையில் வைக்கும். பில் போடும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் தரவுத்தளம் ஓடுகிறது. அதன் தரவு ப்ரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள்ளே, எம்டிஎப், எல்டிஎப் என்று முடியும் இரண்டு கோப்புகளாக இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் ஓடும் நேரத்தில் இவற்றைப் பிரதி எடுக்க முயன்றால் பாவனையில் இருப்பதாகச் சொல்லி மறுக்கும். தட்டிலிருந்து ஏறியிருக்கும்போது அந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் மென்பொருளின் தரவு எங்கே இருக்கிறது என்று அதை விற்றவரிடம் இன்றைக்கே கேட்டு, கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கணக்கு வெளியே வந்த பிறகு மனம் லேசாகிவிடும். இனித் தைரியமாகத் திருத்தலாம். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பெயார். ஏறும் கோப்புகளைப் பார்த்து, காணாமல் போனதை அதுவாகவே எழுதும். விண்டோஸ் 7இல் ஒரு தடவை ஓடவிட்டுப் பலன் இல்லையென்றால் மீண்டும் இயக்கி, இரண்டாவது மூன்றாவது தடவையும் ஓடவிட வேண்டும். ஒரு தடவையில் ஒரு பழுதைத்தான் அது தீர்க்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. விண்டோஸ் 10, 11இல் இற்றைப்படுத்தலுக்குப் பிறகுதான் படுத்தது என்று தெரிந்தால், கடைசி இற்றைப்படுத்தலைக் கழற்றும் தெரிவே நேரடியான மருந்து. சிஸ்டம் ரெஸ்டோர் என்ற தெரிவு, கணனி நன்றாக இருந்த ஒரு திகதிக்கு அதைத் திருப்பும். உங்கள் ஆவணங்களில் அது கை வைக்காது. ஆனால் அந்த வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 10இல் பல கணனிகளில் அது அணைந்தே கிடக்கிறது.

இவை சரிவராவிட்டால் கட்டளைகளின் முறை. இங்கேதான் அனுபவமில்லாத திருத்துநர்களும் தடுமாறுகிறார்கள். ஒன்று, தட்டிலிருந்து ஏறும்போது டிரைவ் எழுத்துகள் மாறக்கூடும். நமது சி டிரைவ் அங்கே டி என்று தெரியலாம். அதைப் பார்க்காமல் கட்டளை கொடுத்தால், இல்லாத விண்டோஸைத் திருத்திக்கொண்டிருப்போம். இரண்டு, கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எப்சி கட்டளையை வழமைபோலக் கொடுத்தால், ஒரு திருத்தம் முடியாமல் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி நிற்கும். எத்தனை தடவை மறுபடி இயக்கினாலும் அதையே சொல்லும். எந்த டிரைவிலுள்ள விண்டோஸைப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். மூன்று, புதிய யுஈஎப்ஐ முறைக் கணனிகளில் பூட்ரெக் கட்டளையின் ஒரு பகுதி அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். அப்போது பிசிடிபூட் என்ற கட்டளையால் ஏறும் கோப்புகளைப் புதிதாக எழுதலாம். அதோடு பென் டிரைவும் யுஈஎப்ஐ முறையில்தான் ஏறியிருக்க வேண்டும். பழைய முறையில் ஏறியிருந்தால் திருத்தம் நடந்தது போலவே இருக்கும், கணனி மட்டும் ஏறாது.

சில புதிய இன்டெல் கணனிகளில் தட்டைப் போட்டதும் வன்தட்டே இல்லை என்று காட்டும். பயந்துவிட வேண்டாம். 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய பல மடிகணனிகளில் தட்டை வாசிக்க இன்டெலின் தனியான ஒரு டிரைவர் தேவை. கணனி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் காட்டினால் தட்டு தெரியவரும். "எஸ்எஸ்டி போயிட்டு, புதுசு போடணும்" என்று யாராவது சொன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே பெரிய எச்சரிக்கை ஒன்று. விண்டோஸ் 10, 11இல் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒரு தெரிவு உண்டு. அதற்குள் "கீப் மை பைல்ஸ்", அதாவது எனது கோப்புகளை வைத்திரு என்று அழகாக எழுதியிருக்கும். அதை நம்பிப் பலர் அழுத்திவிடுகிறார்கள். அது வைத்திருப்பது பயனாளரின் சொந்தக் கோப்புறைகளில் இருப்பவற்றைத்தான். நாம் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். ப்ரோகிராம் பைல்ஸுக்குள் இருக்கும் பில் தரவு மிஞ்சும் என்று நம்பவே கூடாது. குடும்பப் படங்கள் பத்திரமாக இருக்கும், கடையின் கணக்கு இருக்காது. வீட்டுக் கணனிக்கு அது நல்ல வசதி. கடைக் கணனிக்கு, தரவை வெளியே எடுக்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ் ஒருவாறு ஏறுகிறது, ஆனால் பாதி வேலைகள் நடக்கவில்லை என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு. கணனி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டைப் போட்டு, அதிலுள்ள செட்டப் கோப்பை இயக்கி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்திருக்கும்படி தெரிவு செய்தால், விண்டோஸ் தன்மேல் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். பில் மென்பொருள் அப்படியே இருக்கும். தட்டிலிருந்து ஏறிச் செய்தால் இந்தத் தெரிவு கிடைக்காது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஒழுங்கு வேறு. அதைப் பழைய மெஷினில் இன்னும் வைத்திருப்பவர்கள், முதல் திரையில் ஆர் விசையை அழுத்தாமல் என்டர் கொடுத்து, எப் 8 கொடுத்து, அடுத்த திரையில்தான் ஆர் அழுத்த வேண்டும். அந்த இரண்டாவது திரையில் திருத்துவது பற்றிய பேச்சே வரவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் புதிதாக நிறுவத் தொடங்கிவிடும்.

எல்லாம் செய்தும் முடியாமல் புதிதாகவே நிறுவ நேர்ந்தாலும், போமட் பொத்தானை அழுத்தாமல் அதே பகுதியில் நிறுவச் சொல்லுங்கள். பழைய விண்டோஸும் கோப்புகளும் விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறைக்குள் போய்ச் சேரும். விண்டோஸ் 10, 11இல் வழமையாகப் பத்து நாட்களின் பின் அது தானாக அழிந்துவிடும் என்பதால் அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருட்டு இறுவட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒரு பக்கம். வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் அது நட்டம்தான். வேகமாக நிறுவுவதற்காகப் பலதையும் வெட்டிச் சுருக்கிய தட்டுகளில் முதலில் வெட்டுப்படுவது திருத்தும் பகுதிதான். அதனால்தான் அந்தத் தட்டை வைத்திருப்பவருக்குப் போமட்டைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ கணனி வாங்கும்போது விலையைப் பேசும் அதே வாயால், "இதற்குரிய நிறுவும் தட்டையும் சேர்த்துத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

பெட்டியைத் திருத்தக் கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குங்கள்: என் அனுமதி இல்லாமல் போமட் செய்யக்கூடாது, முதலில் இன்ன கோப்புறையைப் பிரதி எடுக்க வேண்டும். நல்ல திருத்துநர் இதற்குக் கோபிக்க மாட்டார். போமட் செய்வதைவிடத் திருத்துவதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கூலியும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். அதில் பேரம் பேச வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 11 உள்ள பல கணனிகளில் வன்தட்டு பிட்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. நமக்கு அது தெரிந்தே இருக்காது. தட்டைப் போட்டுத் திருத்த முனையும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் எந்தத் திருத்துநராலும் உள்ளே நுழைய முடியாது. கணனியை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். பல கடைகளில் அந்தக் கணக்கு, எப்போதோ வேலையை விட்டுப்போன பையனின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டதாக இருக்கிறது. அவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதற்கு முன் அழைத்து, அந்த எண்ணை வாங்கி, காசோலைப் புத்தகம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.